ஒரு கிலோமீட்டர் அப்பா

தாலுகாவின் பெயர் குளத்தூர். தாலுகா ஆபீஸ் இருப்பதோ கீரனூரில். முகவரி ஓரிடம், காரியம் வேறிடம் என்பது இந்தப் பக்கத்துக்குப் பழகிப்போன சங்கதி. அதனால்தானோ என்னவோ, ‘ஒரு கிலோமீட்டர் அப்பா’வைப் பார்த்து இங்கே யாரும் ஆச்சரியப்படுவதில்லை. பிள்ளை தவழ ஆரம்பித்ததும் இவர் மனை பார்க்க ஆரம்பித்துவிடுவார். திருச்சி–புதுக்கோட்டை சாலையோரம், கலர் கொடி பறக்கும் பிளாட்டுக்குள் நுழைந்தால், கிழக்குப் பார்த்த வாசல், இருபதடியில் தண்ணீர், டிடிசிபி அப்ரூவல் என்று புரோக்கர் பாடும் பாட்டு எதுவும் காதில் ஏறாது. மனைக்கல்லின் மேல் ஏறி நின்று, செல்போனில் மேப்பைத் திறந்து, பள்ளிக்கூட கேட் வரைக்கும் அளப்பார். 1.2 கிலோமீட்டர் என்று காட்டினால் முகம் சுண்டிவிடும். “கருவக்காட்டுக்குள்ள குறுக்கால நடந்தா தொள்ளாயிரம் மீட்டர்தான் சார்” என்று புரோக்கர் எடுத்துக் கொடுத்ததும் அட்வான்ஸ் கைமாறும்.

இந்தக் கணக்கு அவர் கற்பனையில் பிறந்ததல்ல. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் சுயநிதிப் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த, பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் ஒதுக்க வேண்டும். தமிழ்நாட்டு விதி ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரு கிலோமீட்டரை அக்கம்பக்கம் என்கிறது. ஆனால் விண்ணப்பம் இடத்தைவிட அதிகமானால் குலுக்கல். ஆக, இவர் பல லட்சம் கொடுத்து வாங்குவது சீட்டை அல்ல, சீட்டுக்கான லாட்டரியை. 2025இல் ஒன்றிய, மாநில அரசுகளின் நிதித் தகராறில் அந்தச் சேர்க்கையே அக்டோபர் வரை இழுத்துக்கொண்டு போனது. பணம் கட்டிச் சேருகிறவருக்கோ கிலோமீட்டரே தேவையில்லை; எத்தனை கிலோமீட்டரானாலும் மஞ்சள் வேன் வாசலுக்கே வந்து அள்ளிக்கொண்டு போகும்.

“சிங்கப்பூரில் அப்படித்தானே?” என்பார். மச்சான் அங்கே இருக்கிறார், வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கிறார். உண்மைதான். அங்கே தொடக்கப் பள்ளிச் சேர்க்கையில் ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருப்பவருக்கு முன்னுரிமை உண்டு. காட்டிய முகவரியில் முப்பது மாதமாவது குடியிருந்தே ஆகவேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே உண்டு. மச்சான் அதைச் சொல்லவில்லை. அமெரிக்காவில் பாஸ்டன் புறநகரை ஆராய்ந்த சாண்ட்ரா பிளாக், பள்ளி எல்லைக்கோட்டின் இருபுறமும் உள்ள வீடுகளை ஒப்பிட்டு, தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் உயர்ந்தால் பெற்றோர் வீட்டுக்கு 2.5 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்று 1999இல் எழுதினார். அங்கே கோட்டுக்கு இந்தப்புறம் வீடு வாங்கினால் அரசுப் பள்ளியில் இடம் உறுதி. விலை ஏறுவதில் அர்த்தம் இருக்கிறது. இங்கே அப்படி ஒரு கோடே கிடையாது. கோடு இல்லாத ஊரில் கோட்டுக்கு விலை கொடுப்பவர் உலகத்திலேயே நம் அப்பா ஒருவராகத்தான் இருப்பார்.

விடிகாலையில் தூங்கி வழியும் பிள்ளையை வேனில் ஏற்றுவது பாவமில்லையா என்று கேட்கலாம். பாவம்தான். அதற்கு ஐந்தாறு வருஷம் வாடகைக்கு இருந்தால் போதாதா? வயலை விற்று, இருபது வருஷ ஹவுசிங் லோன் எதற்கு? பள்ளிப் படிப்பு பதினான்கு வருஷம், தவணை இருபது. பையன் வேலைக்குப் போன பிறகும் பள்ளிக்கூடம் பக்கத்தில் இருப்பதற்காக அப்பா கட்டிக்கொண்டிருப்பார். மனை விலை ஏறுமே என்றால், தாராளமாக ஏறட்டும். அதை முதலீடு என்று சொல்லிவிட்டுப் போகலாம். பிள்ளையின் தலையில் எழுதி, அரையாண்டு மார்க் குறையும்போதெல்லாம் “உனக்காகத்தான்டா வயலையே வித்தேன்” என்று நினைவூட்டுவதுதான் தாங்கவில்லை.

இன்னொன்றையும் அவர் மேப்பில் அளக்கவில்லை. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்வில் தகுதி பெற்றவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020இலிருந்து இருக்கிறது. அதே வகுப்புகளை அங்கே படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். வயலை விற்காமல் ஊரிலேயே இருந்துவிட்ட பக்கத்து வீட்டுக்காரரின், அரசுப் பள்ளியில் படிக்கும் மகளுக்கு இரண்டுக்கும் வழி திறந்திருக்கிறது. எனவே மனை வாங்குகிறவர்கள் தண்ணீருக்காக வாங்குங்கள், வாசலுக்காக வாங்குங்கள், மாமியார் வீட்டுக்குத் தூரம் என்பதற்காகக்கூட வாங்குங்கள். பள்ளிக்கூடத்துக்காக மட்டும் பத்திரப்பதிவு ஆபீஸில் கையெழுத்துப் போடாதீர்கள்.