லிப்போவியல்: மூலமும் தில்லி உரையும்

சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டும் என்பது நன்னூலார் கட்டளை. இச்சிறுநூலுக்கு நான்கே போதும். நுதலிய பொருள்: ரிமோட் விமானம், டிரோன், பொம்மைக் கார் ஆகியவற்றை ஓட்டும் லித்தியம் பாலிமர் பேட்டரி, வழக்கில் லிப்போ. எல்லை: வடக்கே ரோகிணி, தெற்கே முனிர்கா, கிழக்கே மயூர் விஹார், மேற்கே துவாரகா. கேட்போர்: விமானம் விடும் பிள்ளைகளும், அதற்குக் காசு கொடுத்துவிட்டு இரவெல்லாம் புகை வாசனை வருகிறதா என்று மோந்து பார்க்கும் பெற்றோரும். பயன்: குடியிருக்கும் வீடு எரியாமல் இருத்தல். அறம், பொருள், இன்பம் மூன்றையும் விட்டு நாலாவதை மட்டும் இந்நூல் எடுத்துக்கொண்டது என்று விளக்கம் சொல்வாரும் உளர்.

நூற்பா 1: பறக்கும் நாள் சில, கிடக்கும் நாள் பல.

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், தலைநகரில் லிப்போ வாழ்வது வானத்தில் அன்று, அலமாரியில் என்பதை உணர்த்துதல் நுதலிற்று. ஆண்டை மாதம் மாதமாகப் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும். நவம்பரில் புகை, முப்பது அடி உயரத்தில் நம் விமானம் எங்கே என்று நமக்கே தெரியாது. டிசம்பர், ஜனவரியில் மூடுபனி. பனி விலகும் வேளையில் குடியரசு நாள் வந்துவிடும். அதையொட்டி ரிமோட்டில் இயங்கும் விமானம், குவாட்காப்டர், பாராகிளைடர், வெப்பக்காற்றுப் பலூன் எதையும் பறக்கவிடக் கூடாது என்று தில்லி போலீஸ் தடையுத்தரவு போடும். மே, ஜூனில் லூ என்னும் அனல்காற்று. பிறகு மழை. மழைக்கு நடுவே சுதந்திர நாள். மறுபடியும் அதே உத்தரவு. மிச்சம் இருப்பது பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் வரையும், அக்டோபரும். அந்த அக்டோபரிலும் பள்ளியில் தேர்வு வைத்துவிடுகிறார்கள்.

காலம் இப்படி என்றால் இடம் இன்னும் மோசம். 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த விதிகள், விஜய் சௌக்கிலிருந்து 5 கிலோமீட்டர் ஆரத்துக்குள் உள்ள பகுதியை டிரோனுக்கு ஆகாத இடம் என்று பெயர் சொல்லியே ஒதுக்கின. 2021 ஆகஸ்ட் 25 அன்று வந்த டிரோன் விதிகள் நாட்டின் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று திணையாகப் பகுத்தன. தலைநகரின் நடுப்பகுதி எந்தத் திணை என்பதற்கு உரை வேண்டியதில்லை.

அற்றேல், அதே விஜய் சௌக்கில் 2022 ஜனவரி 29 அன்று, படைகள் பாசறை திரும்பும் விழாவில், ஐஐடி தில்லியில் முளைத்த பாட்லேப் டைனமிக்ஸ் 1,000 டிரோன்களைப் பறக்கவிட்டதே, அது எங்ஙனம் எனின்: அது அரசு விழா. நம் பையன் பறக்கவிட்டதன்று. எனவே புறனடை என்க.

நூற்பா 2: நிறைத்தும் வையற்க, ஒழித்தும் வையற்க.

நூலின் உயிர்நிலை இது. லிப்போவின் ஒரு செல்லுக்குப் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட். முழுக்க நிரம்பினால் 4.2. 3.0-க்குக் கீழே இறங்கினால் செல் கெடும். சும்மா வைத்திருக்கும்போது இருக்க வேண்டிய அளவு 3.8, ஏறத்தாழப் பாதி நிரப்பு. இந்தக் கடைசி எண்ணைத்தான் தில்லித் தமிழ்க் குடும்பங்கள் ஏற்க மறுக்கின்றன.

மறுப்போரை நிறைவாதிகள் எனலாம். இவர்கள் கொள்கை எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்தால் பால்கனியில் இருக்கும் இன்வர்ட்டரில் போய் முடியும். கோடையில் கரண்ட் போய்ப் போய் வந்த ஊர் இது. கரண்ட் இருக்கும்போதே எல்லாவற்றையும் ஃபுல் பண்ணி வைத்துவிடு என்பது இங்கே குலதர்மம். இன்வர்ட்டரில் இருப்பது ஈய அமில பேட்டரி. அதைக் காலியாகப் போட்டு வைத்தால் தகட்டில் ஈய சல்பேட் படிந்து இறுகும். எப்போதும் நிறைந்திருப்பதே அதற்கு நல்லது. அதே தர்மத்தை லிப்போவுக்கு நீட்டியதுதான் பிழை. 4.2 வோல்ட்டில் வாரக்கணக்கில் கிடக்கும் லிப்போவின் உள்ளே இருக்கும் கரைப்பான் மெல்லச் சிதைகிறது, வாயு பிறக்கிறது, பை உப்புகிறது. சூடு கூடக் கூட இது விரைவாகும். 2024 மே 29 அன்று சஃப்தர்ஜங் ஆய்வகத்தில் 46.8 டிகிரி பதிவாயிற்று. அது நிழல் வெப்பம். மொட்டைமாடி பர்சாத்தி அறையின் தகர அலமாரிக்குள் எவ்வளவு என்பதை வாசகர் ஊகிக்க.

தடையுத்தரவு செய்யும் கேடும் இங்கேதான். ஞாயிற்றுக்கிழமை பறக்கவிடலாம் என்று சனிக்கிழமை இரவு நான்கு பேட்டரி பேக்கையும் நிறைத்து வைப்பான் பிள்ளை. காலையில் அப்பா செய்தித்தாளை நீட்டுவார். பறத்தல் நின்றுபோகும், நிறைத்தவை நிறைந்தபடியே பிப்ரவரி வரை கிடக்கும். விழுந்து நொறுங்கிச் சாகும் லிப்போவை எல்லாரும் பார்க்கிறார்கள். தேசபக்தியால் சாகும் லிப்போவை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை.

எதிர்த்தரப்பினர் ஒழிவாதிகள். கடைசிச் சொட்டு வரை பறந்துவிட்டு அப்படியே பையில் போடுவோர். செல் தானாகவும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் என்பதால், 3.2-இல் வைத்தது சில மாதத்தில் 3.0-க்குக் கீழே போய்விடும். பிறகு சார்ஜர் அதை ஏற்காது. ஏற்க வைக்க வேறு முறையில் கொஞ்சம் ஊட்டி எழுப்பலாம் என்று சொல்லித்தருவோர் உண்டு. அந்த வைத்தியத்துக்குத் துணிய வேண்டாம். பேக்கில் செருகும் சின்ன பஸ்ஸர் ஒன்று வாங்கி, செல்லுக்கு 3.5-இல் கத்தும்படி வைத்துவிட்டால் இத்தரப்பு வாயடைக்கும்.

நல்ல சார்ஜர் ஒவ்வொன்றிலும் 'ஸ்டோரேஜ்' என்று ஒரு முறை உண்டு. நிறைந்ததை இறக்கியும் குறைந்ததை ஏற்றியும் 3.8-க்குக் கொண்டுவந்து நிறுத்தும். சார்ஜரில் மிகுதியாக உதவுவதும் மிகக் குறைவாக அமுக்கப்படுவதும் அந்தப் பொத்தானே.

இனி ஃபிரிட்ஜ் வாதம். குளிரில் லிப்போ மெதுவாக முதுமையடையும் என்பது உண்மை. ஆகவே காற்றுப்புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கலாம் என்பர் ஒருசாரார். இதற்கு இரண்டு தடை. ஒன்று, வெளியே எடுத்ததும் ஈரம் கோக்கும். அறைச் சூட்டுக்கு வரும்வரை சார்ஜ் செய்யலாகாது. மற்றொன்று பாட்டி. "ஏண்டா, தயிருக்குப் பக்கத்துல இது எதுக்குடா?" என்ற வினாவுக்கு எந்த உரையாசிரியரும் இன்னும் விடை எழுதவில்லை. பெருங்கோடை தவிர மற்ற நாளில் வீட்டின் நிழலான அறையே போதும் என்பது என் துணிபு.

குளிர் மிகுந்தாலும் கேடு உண்டு. 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாகவே எதிர்முனையில் படியும். சஃப்தர்ஜங் 1935 ஜனவரி 16 அன்று மைனஸ் 0.6 டிகிரிக்கு இறங்கியது. அன்று லிப்போ இல்லை. இன்று ஜனவரி விடியலில் பால்கனியில் வைத்து சார்ஜ் செய்யாமல் அறைக்குள் செய்தால் போதும்.

நூற்பா 3: மெய்க்கீர்த்தியை நம்பற்க, எண்ணை எண்ணுக.

செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத் ராய் மார்க்கெட்டில் வாங்கும் பேக்கின் மேல் 11.1V, 2200mAh, 3S, 50C என்று பொறித்திருக்கும். முதல் மூன்றும் வரலாறு: மூன்று செல் வரிசையாக, நிறைந்தால் 12.6 வோல்ட், கொள்ளளவு 2,200 மில்லி ஆம்பியர் மணி. நாலாவது மெய்க்கீர்த்தி. 50C என்றால் கொள்ளளவைப்போல் ஐம்பது மடங்கு, அதாவது 110 ஆம்பியர் தொடர்ந்து தருவேன் என்பது அதன் பொருள். அதன் வாலில் இருக்கும் எக்ஸ்டி60 பிளக்கோ 60 ஆம்பியருக்கு என்று செய்தது. வெல்லாததையும் வென்றதாகப் பொறித்துக்கொண்ட மன்னர்களை நாம் முன்பே பார்த்திருக்கிறோம்.

சார்ஜ் செய்ய 1C போதும்: 2200-க்கு 2.2 ஆம்பியர். ஒரு மணிக்குச் சற்று மேலாகும். சின்ன வெள்ளைப் பிளக்கையும் செருகி 'பேலன்ஸ்' முறையிலேயே செய்க. மூன்று செல்லில் ஒன்று 4.1-இல் இருக்க, மற்றொன்று 4.3-க்குப் போவதைத் தடுப்பது அதுவே. பேட்டரி வகையையும் செல் எண்ணிக்கையையும் திரையில் சரிபார்த்த பிறகே தொடங்குக. பறந்து வந்த சூட்டோடு செருகற்க. மெத்தை மேலும் திரைச்சீலை அருகிலும் வேண்டாம். தரையில், ஓடு அல்லது கல் மேல், தீத்தாங்கும் பையில். சார்ஜ் ஏறும்போது ஆள் கூடவே இருக்க வேண்டும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குவதைப் பற்றி எழுத இந்நூலில் இடமில்லை.

பக்கத்தில் ஒரு வாளி மணல் ஏன் எனின்: மிகைச்சூட்டில் நேர்முனைப் பொருளே ஆக்சிஜனை வெளிவிடும். ஆதலால் மூடி அமுக்கிக் காற்றை அடைத்தாலும் முழுதாக அணையாது. மணல் தீயைப் பரவவிடாமல் பிடித்துவைக்கும், அவ்வளவே. புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கும். மோந்து பார்க்காமல் வெளியே ஓடுக.

நூற்பா 4: உப்பியது இறந்தது.

பூரி உப்பினால் கொண்டாட்டம். பேக் உப்பினால் ஈமம். இதற்கு விலக்கே இல்லை. குண்டூசியால் குத்திக் காற்றை இறக்கலாம், மேலே கலைக்களஞ்சியத்தை வைத்து அமுக்கலாம் என்பன போன்ற பாடபேதங்களைத் தள்ளுக. உப்புநீரில் ஊறப்போடுவதும் பழைய வழக்கு. முனைகள் அரிக்கப்பட்டு அறுந்துபோனால் உள்ளே சக்தி அப்படியே நிற்கும்.

கபாடிவாலாவிடம் போடுவது பெருந்தவறு. செம்புக்காக அவர் சுத்தியலால் தட்டுவார். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பேட்டரியை வீட்டுக் குப்பையோடு கலக்காமல் தனியே சேகரிப்பவரிடமோ மறுசுழற்சி செய்பவரிடமோ கொடுப்பது வாங்கியவரின் கடமை என்கின்றன. காஸிப்பூர் குப்பைமலை 2024 ஏப்ரலிலும் எரிந்தது. அது எரிய அதன் மீத்தேனே போதும். நம் வீட்டுப் பங்கு வேண்டியதில்லை.

தில்லி வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜனவரியில் தடையுத்தரவுச் செய்தி கண்ணில் பட்ட அன்றைக்கே, பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாலும், நான்கு பேக்கையும் சார்ஜரில் ஒவ்வொன்றாக மாட்டி 3.8-க்கு இறக்கிவிடுங்கள். இறங்கி முடியும் வரை பக்கத்திலேயே இருங்கள்.