ஒரு கிலோமீட்டரும் மூன்று வருடமும்

ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம் 1924 முதல் இருக்கிறது; நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். அக்கரையில் இருக்கும் கிரியேட்டிவ் நிறுவனம்தான் 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டையைக் கொண்டுவந்தது. பக்கத்து வீட்டுச் சரக்குதானே, லினக்ஸ் கணினியில் செருகினால் பாடிவிடும் என்று இக்கரைக்காரர் நம்புவது நியாயம். அந்நிறுவனத்தின் எக்ஸ்-ஃபை அட்டை 2005இல் கடைக்கு வந்தது. அதன் லினக்ஸ் இயக்கியின் மூலநிரலைத் திறந்துவிட 2008 நவம்பர் ஆயிற்று. வெள்ளிக்கிழமை மாலைப் பாலத்து நெரிசலே தேவலை.

இயக்கி கிடைத்துவிட்டால் மட்டும்? லினக்ஸின் ஒலி அமைப்பான ஆல்சா புதுப் பெண்ணைப் போல வாய்மூடித்தான் நுழையும். ஆல்சாமிக்சரைத் திறந்து 'எம்' பொத்தானைத் தட்டி மௌனத்தைக் கலைக்க வேண்டும். இது தெரியாமல் அட்டையையே மாற்றியவர்கள் உண்டு.

விவரமானவர்கள் பொது யூஎஸ்பி ஆடியோ தரத்தில் ஓடும் சின்ன டாக் (எண்ணிம ஒலிமாற்றி) ஒன்றைச் செருகிவிட்டு தே தாரிக் குடிக்கப் போவார்கள். அதற்கான இயக்கி கெர்னலிலேயே இருக்கிறது. இன்னும் விவரமானவர்கள், இரைச்சல் கேட்காதவரை, மதர்போர்டில் உள்ளதையே வைத்துக்கொள்வார்கள்.

மிச்சம் ஒலிப்பித்தர். பழைய சவுண்ட் பிளாஸ்டர் லைவ், குறுந்தட்டின் 44.1 கிலோஹெர்ட்ஸை 48 ஆக்கிவிடுகிறதென்று அவருக்கு இன்றும் கோபம். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் தொடமாட்டார். கேட்பதென்னவோ கேசட்டிலிருந்து 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கிய பாட்டுகளைத்தான், தலைக்கு மேல் மின்விசிறி கடகடக்க.