மேசையார் திருமுன் ஒரு மனு

அனுப்புநர்: தென் கொல்கத்தாவில் குடியிருக்கும் தமிழர், பள்ளிக்கூடத்துப் புவியியல் ஆசிரியர்

பெறுநர்: மலைப்பாதை அனுமதிச் சீட்டு வழங்கும் மேசையார்

பொருள்: மனுதாரருக்கு நிரந்தரப் பொறுப்பாளர் ஒருவரை நியமித்துத் தருமாறு வேண்டுதல்

மாண்புமிகு மேசையார் அவர்களுக்கு,

சென்ற ஏப்ரலில் தங்கள் திருமுன் முதுகுப்பையோடு வந்து நின்றவரைத் தங்களுக்கு நினைவிருக்காது. தலை நரைத்தவர்; ஒன்பதாம் வகுப்புக்குச் சமஉயரக் கோடுகள் நடத்தியே தொண்டை கட்டிப்போனவர். "தனியாகவா? தொலைஞ்சு போயிடுவீங்க அங்கிள்" என்று தாங்கள் இந்தியில் திருவாய் மலர்ந்து, மேசைக்குப் பின்னாலிருந்து ஒரு பையனைக் கூப்பிட்டு, படிவத்தில் 'பயணியின் பொறுப்பாளர்' என்றிருந்த ஏழாம் கட்டத்தில் கையெழுத்துப் போடச் சொன்னீர்கள். பையனுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். கையில் பேனா இல்லை, மனுதாரர் கொடுத்தார். இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டான். அதையும் மனுதாரரே சொன்னார். இவ்வாறாக அவர் அந்தப் பையன் வசம் முறைப்படி ஒப்படைக்கப்பட்டார். பொறுப்பாளரை 'அவன்' என்று எழுதுவது மரியாதை ஆகாது என்பதால் இனி 'அவர்'.

மேசையார் எந்தத் துறை, எந்த ஊர் என்று மனுதாரர் எழுதப்போவதில்லை. மலைக்குப் போகிறவன் வழியில் வணங்கிச் செல்ல வேண்டிய மேசைகள் பல. ஒவ்வொன்றும் தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டால் மனுதாரருக்கு மகிழ்ச்சியே.

அன்று போன தைரியம் இன்னும் திரும்பவில்லை. கரியாஹாட் முக்கில் சாலையைக் கடக்கக் காலெடுத்து வைத்தால், பொறுப்பாளர் எங்கே என்று மனம் திடுக்கிடுகிறது. ஓடுகிற மினிபஸ்ஸிலிருந்து இறங்கச் சொல்லும் கண்டக்டர் யாருடைய கையெழுத்தையும் கேட்பதில்லை. ஹூக்ளிக்கு அடியில் 2024 முதல் மெட்ரோ ஓடுகிறது. தலைக்கு மேல் ஓர் ஆறே ஓட, அத்தனை முறையும் தன்னந்தனியே போய்வந்தது எவ்வளவு பெரிய அபாயம் என்பது இப்போதுதான் உறைக்கிறது. லேக் மார்க்கெட்டில் காபித்தூள் வாங்கப் போனதும் தனியாகத்தான். வாக்குச்சாவடிக்குப் போனதும் தனியாகத்தான். அந்த ஓட்டுகள் செல்லுமா, செல்லாதா என்று தாங்கள் தெளிவுபடுத்த வேண்டும்.

நிற்க. தொலைந்துபோவார் என்று தாங்கள் அஞ்சிய பாதையைப் பற்றிச் சில சொற்கள். டார்ஜிலிங் மலையில் மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்பூ வரை 31 கிலோமீட்டர். 1950களில் செய்த லேண்ட் ரோவர்கள் பல பத்தாண்டுகள் குலுங்கிக் குலுங்கி ஏறிய சாலை அது. இப்போது பெரும்பகுதிக்கு சிமென்ட் போட்டாயிற்று; பொலிரோக்கள் ஏறுகின்றன. சித்ரே, மேக்மா, தும்லிங், கைரிபாஸ், காலிபோக்ரி என்று வழிநெடுக ஊர்கள், டீக்கடைகள், தங்கும் விடுதிகள். நூடுல்ஸ் கொதிக்கும் வாசனையைப் பிடித்துக்கொண்டே கண்ணை மூடிப் போய்ச் சேரலாம். இந்தச் சாலையில் தொலைய வேண்டுமானால் தனியாகப் பயிற்சி எடுத்துக்கொண்டுதான் வர வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடித்துப் பள்ளத்தின் ஓரத்துக்கு ஒதுங்கச் செய்த ஓட்டுநர்களில் ஒருவர்கூட, ஐயோ பாவம், இவருக்கு வழி தெரியுமோ என்று கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

சட்டச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. பாதை பெரும்பாலும் இந்திய – நேபாள எல்லையை ஒட்டியே ஏறுகிறது. ஏறுகிறவரின் இடக்கைப் பக்கம் நேபாளம், வலக்கைப் பக்கம் இந்தியா. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் புண்ணியத்தில் இரு நாட்டாரும் பாஸ்போர்ட் இல்லாமல் புழங்குகிறார்கள். தும்லிங் நேபாளத்தில் இருக்கிறது. படுக்கையும் சூப்பும் அங்கே. ஆக, மனுதாரர் இரவில் நேபாளத்தில் உறங்கும்போது பொறுப்பாளரின் பொறுப்பு செல்லுபடியாகுமா? கனவில் வழி தவறினால் எந்த நாட்டு மேசை விசாரிக்கும்? வெளிநாட்டு மலையேறிகள் வழிகாட்டியோடுதான் நடக்க வேண்டும் என்று நேபாளமும் 2023 ஏப்ரலில் விதி கொண்டுவந்துவிட்டது. காத்மண்டுவிலும் தங்களுக்குச் சீடர்கள் இருப்பதை அறிந்து மனுதாரர் புளகாங்கிதம் அடைந்தார்.

தங்கள் கொள்கைக்கு முன்னோடி உண்டு. தாவரவியலாளர் ஜோசஃப் டால்டன் ஹூக்கர் 1848இல் இதே மலைத்தொடரின் டோங்லுவுக்கு ஏறினார். அதே ஆண்டு கிழக்கு நேபாளத்துக்குப் புறப்பட்டபோது அவர் கூட்டத்தில் 56 பேர். மேசையார் அன்று இருந்திருந்தால் கையெழுத்துக்குக் கட்டம் போதாமல் படிவத்தை நீட்டியிருக்க வேண்டும். ஆனால் எதிர்ச் சான்றுகளும் இருக்கின்றன. நைன் சிங் ராவத் 1865இல் லாசாவை நோக்கிக் கிளம்பியவர். ஜபமாலையின் மணிகளை 108இலிருந்து 100ஆகக் குறைத்துக்கொண்டு, அடிக்கணக்கை மணியில் எண்ணி, ஒரு நாட்டையே காலால் அளந்தவர். எல்லையில் அவருக்கும் தடை இருந்தது. வேடம் போட்டுக்கொண்டு தாண்டினார்.

வேடம் என்றதும் மனுதாரருக்கு ஒரு யோசனை. ஆடி, ஆவணியையொட்டி வரும் சிராவண மாதத்தில் ஷியோராஃபுலியில் கங்கைநீர் மொண்டு, தோளில் காவடியாய்த் தூக்கிக்கொண்டு, முப்பது கிலோமீட்டருக்கும் மேல் தாரகேஸ்வர் வரை வெறுங்காலோடு, இரவெல்லாம், மழையில் நடக்கிறார்கள் லட்சக்கணக்கானவர்கள். பொறுப்பாளர் கிடையாது. கோயம்புத்தூரில் வெள்ளியங்கிரியின் ஏழு மலையையும் மூங்கில் கழி ஊன்றி, டார்ச்சு வெளிச்சத்தில், முன்னே போகிறவரின் குதிகாலைப் பார்த்தபடி ஏறுகிறார்கள். அங்கும் ஆளுக்கொரு பொறுப்பாளர் கிடையாது. சாமி பார்க்கப் போகிறவனுக்கு வழி தெரியும். மலையைப் பார்க்கப் போகிறவனுக்குத் தெரியாது என்பது தங்கள் துறையின் தத்துவம் போலும். அடுத்த முறை நெற்றியில் பட்டை போட்டுக்கொண்டு வந்தால் ஏழாம் கட்டத்தை விட்டுவிடுவீர்களா?

ஸ்காட்லாந்தில் வெஸ்ட் ஹைலண்ட் வே என்று 154 கிலோமீட்டர் நடைபாதை ஒன்று 1980 முதல் இருக்கிறது. நாலைந்து பேர் வேண்டாம்; ஒற்றை ஆள் ஒரு வாரம் நடக்கலாம். பெட்டியை வேன் அடுத்த விடுதிக்குக் கொண்டுபோய் வைத்துவிடும். முச்சந்திதோறும் முட்செடிப் பூச்சின்னம் போட்ட கம்பம் நிற்கும். ஸ்விட்சர்லாந்துக்காரர்கள் இன்னும் மோசம். 1979இல் வாக்கெடுப்பு நடத்தி நடைபாதைகளை அரசியல் சட்டத்திலேயே ஏற்றிவிட்டார்கள். இன்று அங்கே 65,000 கிலோமீட்டருக்கு மேல் பாதை. மஞ்சள் பலகையில் அடுத்த ஊருக்கு எத்தனை மணி, எத்தனை நிமிடம் என்று எழுதியிருக்கும். பலகை சம்பளம் கேட்காது, யாரையும் அங்கிள் என்று கூப்பிடாது.

அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர், நமக்கு ஒத்துவராது என்பீர்கள். துர்கா பூஜையின்போது கொல்கத்தாவுக்கு வந்து பாருங்கள். லட்சக்கணக்கானவர்கள் விடிய விடிய நடக்கிறார்கள்; பாக்பஜாரிலிருந்து பாலிகஞ்ச் வரை பந்தல் பந்தலாக, குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு, புதுச் செருப்பு கடிக்கக் கடிக்க. தலைக்கு ஒரு பொறுப்பாளரை நியமித்தா சமாளிக்கிறார்கள்? கொல்கத்தா போலீஸ் ஆண்டுதோறும் பூஜைக்கென வரைபடம் வெளியிடுகிறது. மூங்கில் கட்டிப் பாதை பிரிக்கிறார்கள், அம்புக்குறி போடுகிறார்கள், உதவிக் கூடாரம் வைக்கிறார்கள். பல நாள் நடை, தானே வழி பார்த்துக்கொள்வது, இடையிடையே தின்பது. இந்த விடுமுறைக் கலையை இதே மாநிலம் மனப்பாடமாக வைத்திருக்கிறது. மலையில் ஏறியதும் மறந்துவிடுகிறது.

வங்காளி என்றாலே மங்கி கேப்பும் கூட்டமும்தான் என்பது தங்கள் கணிப்பாக இருக்கலாம். சமையல்காரரோடு பயணிகளை ஊர் ஊராக அழைத்துப்போகும் குண்டு ஸ்பெஷல் 1933 முதல் இந்த ஊரில்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இமயத்தைக் கால்நடையாகவே சுற்றிய உமாபிரசாத் முகோபாத்யாயும் இந்த ஊர்க்காரர்தான். 'மணிமகேஷ்' பயணநூலுக்கு 1971இல் சாகித்ய அகாடமி விருது கொடுத்தார்கள். எவரெஸ்டின் உயரத்தைக் கணக்கிட்ட ராதாநாத் சிக்தார் பிறந்தது ஜொராசாங்கோவில். அந்தக் கணக்கின் முதல் நூல் பிடித்தது 1802இல், சென்னைப் பரங்கிமலையருகே. இரண்டு ஊருக்கும் வாரிசான மனுதாரரைத்தான் சிமென்ட் சாலையில் தொலைந்துவிடுவார் என்றீர்கள்.

மேசையாரே, கொஞ்சம் நேராகவே பேசிவிடலாம். அந்தக் கையெழுத்து எதற்கு? 3,636 மீட்டர் உயரத்தில் ஒருவருக்கு மூச்சு முட்டினால் கையெழுத்தா காப்பாற்றும்? பெரிய மருத்துவமனை வேண்டுமென்றால் டார்ஜிலிங்குக்கோ சிலிகுரிக்கோ இறங்க வேண்டும். மனுதாரர் போன வழியில் மலைநோயின் அறிகுறி இன்னது என்று எழுதிய பலகை ஒன்றுகூட அவர் கண்ணில் படவில்லை. முதலுதவிப் பெட்டி கொடுத்தார்களா என்று கேட்டதற்குப் பொறுப்பாளர் சிரித்தார். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அவர்கள் தனியாகப் போனவர்கள் அல்லர். ஏற்பாடு செய்த குழுவாகப் போனவர்கள். கூட ஆள் இருப்பது வேறு, பத்திரமாக இருப்பது வேறு. ஏதாவது நடந்தால் யார் தலையில் கட்டுவது என்பதற்கு முன்கூட்டியே ஒரு பெயர் வேண்டும். அதற்குத்தான் அந்தக் கட்டம். அந்தப் பெயர் தினக்கூலி வாங்கும் ஓர் இருபது வயதுப் பையனுடையது. இது வெட்கக்கேடு.

மன்னிக்கவும். மனுதாரருக்கு மூச்சு வாங்கிவிட்டது. கொல்கத்தா கடல் மட்டத்திலிருந்து 9 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் விளைவாக இருக்கலாம். மேசையாரின் கருணைக்கு எல்லை இல்லை என்பதை இத்தருணத்தில் மீண்டும் பதிவு செய்கிறார்.

பொறுப்பாளரைப் பற்றி ஒரு குறையும் இல்லை. தங்கமான பிள்ளை. காலிபோக்ரி தாண்டி மூடுபனி இறங்கியபோது வானத்தைப் பார்த்து, இன்னும் அரை மணியில் விலகும் என்றார், விலகியது. குராஸ் என்னும் ரோடோடென்ட்ரான் பூத்த சரிவில் எந்தப் பறவை எங்கே கத்துகிறது என்று காட்டினார். சந்தக்பூவில் விடியற்காலையில் கஞ்சன்ஜங்காவும், தொலைவில் எவரெஸ்ட், லோட்சே, மக்காலுவும் செந்நிறம் கொண்டு நின்றபோது மட்டும் அவர் போர்வைக்குள் இருந்தார். எழுப்ப மனம் வரவில்லை. அந்த அரை மணி நேரம் மனுதாரர் உலகின் ஐந்து பெருஞ்சிகரங்களில் நான்கைப் பொறுப்பாளர் இல்லாமல் பார்த்த குற்றத்துக்கு என்ன அபராதமோ, தெரிவித்தால் கட்டிவிடுகிறார்.

சந்தக்பூ தாண்டி ஃபாலுட் வரை 21 கிலோமீட்டர் என்பது வேறு கதை. நீர் அரிது, இடையில் கூரை அரிது, பனிமூட்டத்தில் மலைமுகடு முழுக்க ஒரே மாதிரி தெரியும். அங்கே வழிகாட்டி வேண்டும் என்றால் மனுதாரர் முதல் ஆளாகக் காசை எடுத்து வைப்பார். அங்கே தேவைப்படுகிறவரை சிமென்ட் சாலையில் சும்மா நடத்திவைத்து அவர் வேலையையும் விளையாட்டாக்குவானேன்? தமிழ்நாட்டு அரசு 2024 அக்டோபரில் 40 மலைப்பாதைகளைத் திறந்து, எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, இணையத்தில் முன்பதிவு வைத்தது. அங்கும் எல்லாப் பாதைக்கும் வழிகாட்டி கட்டாயம்தான். எளிது என்று எழுதிவிட்டு எதற்கு ஆள் என்று கேட்கத் தனி மனு தயாராகிறது. ஆனாலும் எந்தப் பாதை எப்படி என்பதையாவது முன்னாலேயே சொல்லிவிடுகிறார்கள். மேசையாரும் கிலோமீட்டருக்கு ஒரு பலகை, விடுதிதோறும் ஆக்சிஜன் உருளை, பையன் கையில் ஒரு மருந்துப் பெட்டி, விற்பனைக்கு ஒரு வரைபடம் என்று தொடங்கலாம். ஏழாம் கட்டத்தை அழிக்கும் ரப்பரை மனுதாரரே வாங்கி அனுப்புவார்.

அது முடியாதென்றால், பொருளில் கண்டபடி நிரந்தரப் பொறுப்பாளரையாவது அனுப்பிவைக்கவும்.

முடிவை விரைவில் எதிர்பார்க்கக் காரணம் உண்டு. இந்தப் பாதை செல்லும் சிங்கலிலா தேசியப் பூங்கா மழைக்காக ஜூன் 16 முதல் செப்டம்பர் 15 வரை மூடிக்கிடக்கும். வானம் துலங்குவது அக்டோபரில். பூஜை விடுமுறையும் அதையொட்டியே வருவதால் சியால்டாவிலிருந்து கிளம்பும் டார்ஜிலிங் மெயிலில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. முன்பதிவு 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. காலை எட்டு மணிக்குத் திறந்தால் எட்டேகாலுக்குக் காத்திருப்போர் பட்டியல்தான். ஒரு படுக்கை போடுவதா இரண்டு போடுவதா என்று ஜூலைக்குள் தெரிந்தாக வேண்டும். பொறுப்பாளருக்குக் கீழ்ப்படுக்கை விட்டுக்கொடுப்பதில் மனுதாரருக்கு ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
மனுதாரர்