இரண்டு நாள் வீட்டுக்காரர்

கானாடுகாத்தான் பக்கம் பழைய நகரத்தார் வீடு ஒன்றை விடுதியாக்கியிருந்தால், அங்கே ஹெரிடேஜ் சார் ஒருவர் கட்டாயம் தங்கியிருப்பார். மற்றவர்கள் வந்து இறங்கியதும் வைஃபை கடவுச்சொல் கேட்பார்கள். இவர் முதலில் தூணைத் தட்டுவார். தேங்காய் வாங்குகிறவர் மாதிரி காதைச் சாய்த்து இரண்டு தட்டு. பிறகு உள்முற்றமான வளவு முழுக்கக் கேட்கும்படி, "பர்மா தேக்கு!" என்பார். வைஃபை அதற்கப்புறம்தான்.

சென்னையில் இவர் இருப்பது ஒன்பதாவது மாடி ஃப்ளாட்டில். அங்கே ஆணி அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பாடு போடுவார்; சுவர் அவ்வளவு மெலிசு. அதனால் கனமான சுவரைக் கண்டால் விடமாட்டார். கன்னத்தை வைத்துப் பார்ப்பார். மனைவியையும் கை வைத்துப் பார்க்கச் சொல்வார்.

"எப்படி வழவழன்னு இருக்கு பாத்தியா? சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேத்துப் பூசினது."

அந்த அம்மாள் சட்டென்று கையை இழுத்துக்கொள்வார். "முட்டையா? என்னங்க, இன்னைக்கு சஷ்டிங்க!"

"நூறு வருஷத்து முட்டை. அதுக்கெல்லாம் தோஷம் கிடையாது."

தூணும் சுவரும் முடிந்தால் அண்ணாந்து பார்ப்பது. கண்ணாடி பெல்ஜியம், பளிங்கு இத்தாலி, இரும்பு பர்மிங்காம் என்று கப்பல் சரக்கேட்டை வாசிப்பதுபோல ஒப்பிப்பார். வளவு திறந்திருப்பதால் காற்று எப்படிச் சுற்றி வருகிறது, இந்த வீட்டுக்கு ஏ.சி.யே எதற்கு என்று அரை மணி நேரம் விளக்கிவிட்டு, அறைக்குப் போய்ப் பதினெட்டில் வைத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவார்.

காலைப் பலகாரத்துக்கு முன் சமையல்கட்டுக்குள் ஒரு சோதனை உண்டு. செட்டிநாட்டுச் சமையலை இவர் யூடியூபில் முறைப்படி கற்றவர்.

"கல்பாசி போட்டீங்களாம்மா?"

"இல்லைங்க சார்."

"அன்னாசிப்பூ? மராட்டி மொக்கு?"

"சார், உங்களுக்கு வெள்ளைப் பணியாரம். அதுல அதெல்லாம் போடமாட்டோம்."

அப்புறம் ஆத்தங்குடிக்குப் போவார். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, சாயக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். எல்லாம் கைவேலை. வாய் பிளந்து பார்ப்பார், வீடியோ எடுப்பார். கடைசியில் ஒரே ஒரு கல்லை எடுத்துக்கொண்டு பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி மல்லுக்கு நிற்பார். இரவுக்கு ஐந்து இலக்கத்தில் வாடகை கேட்டபோது திறக்காத வாய் அது. அந்தக் கல் சென்னையில் காபி டம்ளர் வைக்க.

இரண்டாம் நாள்தான் முக்கியமான மாற்றம் நிகழும். காலையில் திண்ணையில் உட்கார்ந்து நாளிதழ் விரிப்பார். புதிதாக யாராவது பெட்டியோடு வந்தால் எழுந்து நின்று வரவேற்பார். "வாங்க, வாங்க. இது முகப்பு. உள்ளே வளவு. அப்புறம் ரெண்டாம் கட்டு, மூணாம் கட்டு. வாசல் ஒரு தெருவுல, கொல்லை அடுத்த தெருவுல. செருப்பைக் கழட்டிடுங்க, நம்ம கல்லு காலு பட்டுப் பட்டுத்தான் மெருகேறும்." வந்தவர்கள் இவரையே முதலாளி என்று நினைத்து வணக்கம் சொல்வார்கள். இவரும் மறுக்கமாட்டார். "அந்தக் காலத்துல நாமெல்லாம் ரங்கூனுக்கு வட்டிக்கடை வைக்கப் போனப்ப..." என்று தொடங்குவார். இவருடைய தாத்தா வாலாஜாபேட்டையில் குமாஸ்தா. காவேரிப்பாக்கத்தைத் தாண்டியதில்லை.

கேலி செய்கிறேனே தவிர, இவர் மேல் எனக்கு முழுக் கோபம் வருவதில்லை. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததோடு அங்கிருந்து வந்த பணம் நின்றது. வீடு மட்டும் நின்றது, பங்காளிகள் பெயரில். ஓடு மாற்றவேண்டுமென்றால் சிங்கப்பூரில் ஒருவர், கோவையில் ஒருவர், பேச்சுவார்த்தை இல்லாத இருவர் என்று எல்லோரும் தலையாட்டவேண்டும். ஆட்டுவதற்குள் மழை உள்ளே வந்துவிடும். அப்படி விழுந்த வீடுகளின் தூணும் நிலையும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விலைக்குச் சாய்ந்து நிற்கின்றன. ஹெரிடேஜ் சார் தட்டுகிற தூண் இன்னும் உத்தரத்தைத் தாங்குகிறதென்றால், அதில் அவர் கொடுக்கும் வாடகைக்கும் பங்கு உண்டு. தட்டிவிட்டுப் போகட்டும்.

ஒருமுறை, இப்படியொரு இரண்டாம் நாள் மத்தியானம் ஓர் ஆச்சி வந்தார். கோயில் காரியமாக ஊருக்கு வந்தவர், பேரனுக்கு வீட்டைக் காட்ட அழைத்து வந்திருந்தார். ஹெரிடேஜ் சார் விடுவாரா? முகப்பிலிருந்து தொடங்கினார். கடைக்கால் முதல் கலசம் வரை சொன்னார். ஆச்சி எல்லாவற்றுக்கும் "அப்படியா தம்பி" என்று கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியாகத் தன் அறைக் கதவைத் திறந்து, "இதுதான் ஹெரிடேஜ் சூட். குடும்பத் தலைவர் படுத்திருந்த அறை" என்றார்.

ஆச்சி எட்டிப் பார்த்தார். "இதுல யாரும் படுக்கமாட்டாக தம்பி. இது சாமான் அறை. எங்க ஆத்தா மங்குச் சாமானெல்லாம் இதுலதான் அடுக்கி வச்சிருந்தாக. நாங்கெல்லாம் அந்தா, அந்தப் பத்தியில பாயை விரிச்சுப் படுத்துக்குவோம்."

"இது... உங்க வீடாங்க?"

"எங்க அப்பச்சி வீடு. நல்லா வச்சிருக்கீக" என்று ஆச்சி இவரையே பாராட்டிவிட்டுப் படியிறங்கினார்.

இப்படி ஓர் அடிக்குப் பிறகு வேறொருவர் அறையைப் பூட்டிக்கொண்டு படுத்திருப்பார். நம்மவர் கால் மணி நேரம் திண்ணையில் யோசனையாக இருந்தார். பிறகு சென்னைக்கு ஃபோன் போட்டார்.

"டேய், நம்ம ரூம் சாதாரண ரூம் இல்லடா. அந்தக் காலத்துல வீட்டு ஆளுங்களையே அதுல படுக்க விடமாட்டாங்களாம். நமக்குத் திறந்து விட்டிருக்காங்க!"