மூன்றாவது கை

இலங்கையில் போர் முடிந்த பிறகு நடந்த வெற்றி விழா ஒன்றில் அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. தம் படையினர் ஒரு கையில் துப்பாக்கியும் மறு கையில் மனித உரிமைச் சாசனமும் ஏந்திப் போருக்குப் போனார்களாம். நல்லது. கணக்கில் நான் கொஞ்சம் மக்குத்தான். ஆனாலும் இரண்டு கையும் நிறைந்துவிட்டது என்ற அளவுக்குப் புரிகிறது. அப்படியென்றால் கைத்தொலைபேசியை எந்தக் கையில் பிடித்தார்கள்?

போரின் கடைசி நாட்களைப் படம் எடுத்தவர்கள் அவர்கள்தானே. வேறு ஆள் அங்கே ஏது? 2008 செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்களை வன்னியைவிட்டுப் போகச் சொன்னது அரசு. போகாதீர்கள் என்று கிளிநொச்சி அலுவலக வாசலை மறித்துச் சனம் மன்றாடியது. வெள்ளை வாகனங்கள் ஒழுங்காக வரிசைகட்டிப் போய்ச் சேர்ந்தன. பத்திரிகைக்காரர் போவதென்றால் ஆமி கூட்டிக்கொண்டு போகும் இடத்துக்குத்தான் போகலாம், காட்டுவதைத்தான் பார்க்கலாம். சாட்சி சொல்ல மிஞ்சியவர்கள் சில வைத்தியர்கள். செல் விழுந்த ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசியில் எண்ணிக்கை சொன்னவர்கள். போர் முடிந்ததும் அவர்களைப் பிடித்து அடைத்தார்கள். 2009 ஜூலையில் கொழும்பில் கமராக்களின் முன்னால் உட்கார வைத்தார்கள். தாங்கள் சொன்ன கணக்கெல்லாம் மிகை என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். வன்னிப் போரில் நல்ல வெளிச்சத்தில், ஒழுங்கான கோணத்தில், கை நடுங்காமல் எடுக்கப்பட்ட காட்சி அது ஒன்றுதான்.

புலிகளின் பக்கத்தையும் மறைப்பதற்கில்லை. தப்பி ஓடிய சனத்தைச் சுட்டார்கள். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளை வீடு புகுந்து இழுத்துப் போனார்கள். மாவீரர் படங்களுக்கு மாலை போட்ட இயக்கத்தின் கமரா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஆக, மிஞ்சியது வென்றவனின் கைத்தொலைபேசி. கண் கட்டி, கை கட்டி, உடுப்பில்லாமல் இருந்த மனிதர்களைச் சீருடைக்காரர்கள் சுடும் காணொளி 2009 ஆகஸ்டில் சனல் 4 தொலைக்காட்சியில் வந்தது. பொய், சோடனை என்றது அரசு. தடயவியல், காணொளி, துப்பாக்கி என்று மூன்று துறை நிபுணர்களிடம் காட்டிய ஐ.நா. அறிக்கையாளர், அது உண்மையானதாகவே தெரிகிறது என்று 2010 ஜனவரியில் சொன்னார். அதற்கும் அரசின் பதில் பொய் என்பதுதான். பொதுமக்கள் எவரும் சாகாத போர் என்று ஊர் முழுக்கச் சொன்னவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? நாற்பதாயிரம் பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியது. பூச்சியத்தோடு இன்னும் மூன்று பூச்சியமும் ஒரு நாலும் சேர்ந்துவிட்டால் என்ன, அச்சுப்பிழையாக இருக்கும்.

2013இல் இரண்டு படங்கள் வந்தன. ஒன்றில் பன்னிரண்டு வயதுப் பையன் மண்மூட்டை அடுக்கிய பங்கரில் தோளில் துணி போர்த்திக்கொண்டு ஏதோ தின்கிறான். மற்றதில் நெஞ்சில் சூடுபட்டுக் கிடக்கிறான். இரண்டுக்கும் இடையில் சில மணித்தியாலம்தான். கமராவும் ஒன்றே என்றார்கள் ஆராய்ந்தவர்கள். பிரபாகரனின் இளைய மகன். சண்டையில் அகப்பட்டுச் செத்தான் என்று சொல்லியிருக்கலாம்; அந்தத் தின்பண்டம்தான் குறுக்கே வந்து கெடுத்துவிட்டது. தின்னக் கொடுத்தவருக்கு மட்டும் எங்கேயோ ஒரு மூலையில் ஈரம் இருந்திருக்கிறது. அவரது பெயரை எந்த விசாரணையும் கேட்கவில்லை.

அந்தப் படத்தைப் பார்த்துத் தமிழ்நாட்டில் மாணவர்கள் பட்டினி கிடந்தார்கள். அது மெய்யான கோபம். பின்னாலேயே கட்சிகள் பிளக்ஸோடு வந்தன. பிளக்ஸில் கும்பிட்டபடி தலைவர். அவருக்குக் கீழே வட்டச் செயலாளர்கள். மிச்ச இடத்தில், தபால்தலை அளவில், பையன்.

இனி மற்றப் படங்களுக்கு வருவோம். பிள்ளைகளைத் தேடும் தாய்மாரின் கைகளில் இருக்கும் படங்கள். பத்து இடம்பெயர்வில் அல்பம் எங்கே மிஞ்சும்? அடையாள அட்டைப் படத்தை ஸ்ரூடியோவில் கொடுத்துப் பெருப்பித்தார்கள். ஸ்ரூடியோக்காரர் தன் தொழில் தர்மப்படி பெடியனுக்குக் கோட்டும் டையும் போட்டு, பின்னால் நீல வானமும் வைத்துக் கொடுத்தார். வீட்டில் இருந்தவரை கோட்டைக் கண்டிராத பிள்ளைகள் லமினேட் செய்த கோட்டோடு ஆணைக்குழுக்களுக்குப் போனார்கள். 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு. எவர் எந்தப் பாடத்தைக் கற்றார் என்பது வேறு கதை. 2013இல் பரணகம ஆணைக்குழு. மகனைக் கேட்டுப் போனால் வாழ்வாதாரத்துக்கு ஆடு வேணுமா கோழி வேணுமா என்று கேட்டார்களென்று தாய்மார் சொல்வார்கள். அதற்குப் பிறகு காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம். பெயரைப் பாருங்கள். சந்தைக்குப் போன இடத்தில் வழி தவறிய ஆட்களைப் போல! தாய்மார் திருத்திச் சொல்கிறார்கள்: போகவில்லை, ஆக்கப்பட்டார்கள், ஆமியிடம் நாங்களே கையில் பிடித்துக் கொடுத்தோம். படிவத்தில் அந்த வினைச்சொல்லுக்குக் கட்டமில்லை.

2020 ஜனவரியில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச ஒரே வாக்கியத்தில் கோப்பை மூடினார்: காணாமற்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள். தேடாமலே கண்டுபிடிக்கும் வித்தை பழைய பாதுகாப்புச் செயலாளருக்குத்தான் கைவரும். எப்படி இறந்தார்கள் என்று கேட்கக் கூடாது. 2022இல் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபா என்று விலையும் குறித்தார்கள். தாய்மார் வேண்டாம் என்றார்கள். அந்த வருடம் ஒரு லட்சத்துக்கு எத்தனை எரிவாயு சிலிண்டர் வரும் என்பதையாவது அரசு யோசித்திருக்கலாம்.

நாட்டில் படம் எடுக்க எவருக்கும் தடை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியின் முன்னால் தெற்கிலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள் குடும்பத்தோடு நின்று சிரித்து எடுத்தார்கள். புதுக்குடியிருப்புப் பக்கம் வெற்றிச் சின்னம் இருக்கிறது. துவக்கைத் தூக்கிப் பிடித்த சிப்பாய், கொடி, புறா, எல்லாம் ஒரே பிரேமில் அடங்கும்.

2017 பெப்ரவரியில் தாய்மார் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரம் கொட்டில் போட்டு உட்கார்ந்தார்கள். வெயிலில் பிளாஸ்ரிக் உறைக்குள் வியர்த்துப் படங்கள் ஒட்டிக்கொண்டன. முதலில் மஞ்சள் போயிற்று, பிறகு நீல வானம் போயிற்று. நீதி கேட்டு இருந்த தாய்மார் ஒவ்வொருவராகச் செத்தார்கள். அவர்களின் படங்களும் அதே வரிசையில் ஏறின. ஜெனீவாவில் ஐ.நா. ஆதாரங்களைத் திரட்டிப் பத்திரப்படுத்துகிறது. அங்கே குளிர் என்பதால் பழுதாகாது.

தாய்மாரின் ஊர்வலம் தொடங்கியதும் தெருவின் எதிர்க் கரையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும். சிவில் உடுப்பு, குட்டைத் தலைமயிர். முதல் வரிசை அம்மாமாரை ஒவ்வொருவராக எடுப்பார். தெளிவில்லை என்றால் கிட்ட வந்து திரும்ப எடுப்பார். யார் வந்தது, யார் கத்தியது, யார் மயங்கி விழுந்தது எல்லாம் திகதியோடு பதிவாகும். தொலைந்தவனின் கோப்பைத் தொலைத்த அரசு தேடுகிறவளின் கோப்பை அத்தனை அக்கறையாக வைத்திருக்கிறது.

ஒரு அம்மா அவரைக் கண்டால் முகத்தை மூடுவதில்லை. கையிலிருக்கும் படத்தை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி, வெளிச்சம் படாமல் கொஞ்சம் சரித்துப் பிடிப்பார்.

"தம்பி, இவனும் விழுகிற மாதிரி எடு."