சும்மா வக்கீல்

"ஐயா, நீங்க சும்மா வர்ற வக்கீலா, காசுக்கு வர்ற வக்கீலா?"

ஆட்டுத் திருட்டில் ரிமாண்டுக்கு வந்த ஆள், ஏட்டையாவின் பிடியில் நின்றபடி என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. சும்மாதான் என்றேன். ரேஷன் அரிசியைக் கையில் அள்ளிப் பார்ப்பதுபோல் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மேஜிஸ்திரேட் பக்கம் திரும்பி, "எசமான், ஒரு வாரம் டைம் குடுங்க. பொண்டாட்டி தோட்டை அடகு வெச்சு நல்ல வக்கீலாப் பாத்துக்கிறேன்" என்றார்.

அப்போது நான் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் முழுநேர வக்கீல். 2022இல் வந்த திட்டம். மாதாமாதம் மதிப்பூதியம், வெளிக் கேஸ் தொடக் கூடாது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி, காவலில் இருப்பவர் கோடீஸ்வரராக இருந்தாலும் எங்களைக் கேட்டுப் பெறலாம். என் காலத்தில் ஒரு கோடீஸ்வரரும் கேட்கவில்லை.

தோடு கவரிங் என்று அடகுக் கடையில் சொல்லிவிட்டதால் அவர் என்னிடமே வந்து சேர்ந்தார். கேஸ் கட்டைப் பிரித்தேன். போலீஸ் 303(2) போட்டிருந்தது.

"379தானேய்யா?" என்றார்.

2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம், இனி திருட்டு 303(2) என்று விலாவாரியாக வகுப்பெடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆட்ட ஓட்டுனது ஜூன் மாசம்ங்கய்யா" என்றார். ஏட்டையா திரும்பிப் பார்த்ததும், "ஓட்டுனதாச் சொல்றது" என்று திருத்திக்கொண்டார்.

பழைய ஆட்டுக்குப் பழைய சட்டம். அவர் சொன்னதுதான் சரி.

பெயில் நாலு நாளில் கிடைத்தது. ஆள் வெளியே வர மேலும் மூன்று வாரம். வீட்டுவரி ரசீதோடு இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும். ஊரில் பாதிப் பேர் ஆட்டுக்குச் சொந்தக்காரர்கள், எவர் கையெழுத்துப் போடுவார்? சொந்தப் பிணையில் விடச் சொல்லி மனுப் போட்டு, ஒருவழியாக வெளியே எடுத்தேன். சிறை வாசலில் அவர் எனக்கு ஒரு கும்பிடுகூடப் போடவில்லை. பஸ் வந்துவிட்டது.

ஒப்பந்தம் முடிந்ததும் கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையின் மாடிப்படிக்கு அடியில் சொந்த ஆபீஸ் போட்டேன். வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. காதுகுத்துக்கு இருபதடி பிளெக்ஸ் வைக்கிற ஊரில் எனக்கு ஒரு முழம் போர்டு. இன்ன வழக்கில் தேர்ந்தவர் என்றும் அதில் எழுதக் கூடாது. எழுதலாம் என்றிருந்தால் 'ஆடு' என்று எழுதியிருப்பேன். அந்தக் கேஸ்தான் தேடித் தேடி வந்தது.

பீஸ்தான் தேடி வரவில்லை. "தீர்ப்பு வரட்டும்யா" என்பார்கள். தீர்ப்பு வந்ததும் அவர்கள் வர மாட்டார்கள். ஒரு கட்சிக்காரர் மட்டும் தீபாவளியன்று பாக்கிக்குப் பதிலாக இரண்டு கிலோ கறியோடு வந்து நின்றார். மஞ்சள் தடவிக்கொண்டே மனைவி கேட்டாள்: "இது யாரு ஆடு?"

திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கி வைத்துக்கொள்வது 317(2), பழைய 411. 'தெரிந்தே' என்பதுதான் அதில் முக்கியமான சொல். ஆகவே நான் அவரிடம் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. குழம்பு நன்றாகவே இருந்தது.

போன மாதம் தோட்டுக்காரர் ஆபீஸுக்கு வந்தார். மச்சான் உள்ளே இருக்கிறானாம். இந்த முறை கன்றுக்குட்டி. காவலில் இருந்தால் இலவசமாகவே வக்கீல் கிடைக்குமே என்று நியாயமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"வேணவே வேணாம்யா. போன தடவை எனக்கு ஒரு சும்மா வக்கீலைப் போட்டாங்க. எந்த மாசத்துக்கு எந்தச் சட்டம்னுகூடத் தெரியல. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

அப்போது எனக்கு மீசை கிடையாது.

"அப்படியும் இருக்காங்க, என்ன செய்யறது" என்று வருத்தப்பட்டுவிட்டு, முன்பணம் ஐயாயிரம் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. மடியிலிருந்து நோட்டுகளோடு அடகுச் சீட்டும் வந்து விழுந்தது. இந்த முறை தோடு தங்கம்.