மாமிக்கு ஒரு கண்ணாடிக் கூரை

கண்ணாடி கொண்டு தோட்டத்தை அலங்கரிப்பது கொழும்பு முகத்துவாரத்துக்குப் புதிதல்ல. எங்கள் ஒழுங்கையில் எந்த மதிலைப் பார்த்தாலும் உச்சியில் சீமெந்தில் குத்தி நிறுத்திய போத்தல் ஓடுகள் பச்சையும் கபிலமுமாக மின்னும். கள்ளனுக்காக வைத்தவை. இதுவரை கிழிபட்டவை பிள்ளைகளின் பட்டங்கள்தான். பூனைகள் அதன்மேல் சாவகாசமாக நடந்து போகின்றன. வீட்டுக்குள் என்றால் கண்ணாடி ஓடு. கூரை முழுக்க மண் ஓடு, நடுவில் ஒன்றே ஒன்று கண்ணாடி. அதன் வழியே குசினிக்குள் இறங்கும் வெளிச்சம் அம்மியைத் தொட்டால் சம்பல் அரைக்கிற நேரம்.

இந்த ஏற்பாட்டில் லண்டன் ஹரோவிலிருந்து வந்த என் மச்சான் குறை கண்டார். தாய், அதாவது என் மாமி, இருட்டில் சமைக்கிறாவாம். கைத்தொலைபேசியில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். "பின்சுவரை இடிப்பம். முழுக்கக் கண்ணாடி. மேலேயும் கண்ணாடி. சட்டமே தெரியாது. வீடும் தோட்டமும் ஒண்டாகும்."

மாமியின் காணி நாலு பேர்ச். ஒரு பேர்ச் 272 சதுர அடி. வீடும் தண்ணித் தொட்டியும் உடுப்புக் காயப்போடும் கம்பியும் போகத் தோட்டமாக மிஞ்சுவது ஒரு கறிவேப்பிலையும் ஒரு செவ்வரத்தையும். மாமி சொன்னா: "இப்பவும் ஒண்டுதான் தம்பி. போன மழைக்குத் தோட்டம் கட்டிலுக்குக் கீழ வரைக்கும் வந்தது."

இது யன்னல் கண்ணாடி அல்ல, பாரம் தாங்கும் கண்ணாடி என்று மச்சான் பாடம் எடுத்தார். தூணும் விட்டமும் கண்ணாடி, ஒட்டுவது சிலிக்கோன். கண்ணாடியை 600 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சிக் காற்றடித்துத் திடீரென்று ஆற்றுவார்கள். மேற்பரப்பு முந்தி இறுகும், உள்ளே பிந்தி இறுகும். அந்த இழுபறியில் சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு பலம் வந்துவிடும். எல்லாம் உண்மை. அவர் சொல்லாமல் விட்டது ஒன்று: இப்படிப் பதப்படுத்திய கண்ணாடியை அதன்பிறகு ஒரு நூலளவுகூட வெட்ட முடியாது. வெட்டப் போனால் முழுப் பலகையும் பொடிப்பொடியாகக் கொட்டும்.

12 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு சதுர மீற்றர் கண்ணாடி 30 கிலோ. லொறி ஒழுங்கைக்குள் வராது என்று அளுத்மாவத்தை வீதியிலேயே நின்றுவிட்டது. அங்கிருந்து ஆட்கள் தேர் இழுப்பது போல வழிவிடச் சொல்லிக் கூவிக்கொண்டு தூக்கி வந்தார்கள். ஒழுங்கை முழுக்க வாசலில் நின்றது. நிறுத்திப் பார்த்தால் மேலே பொருந்துகிறது, கீழே அரை அங்குலம் இடிக்கிறது. இந்தப் பக்கத்துப் பழைய சுவர்கள் மூலைமட்டத்தைக் கடைசியாகப் பார்த்தது கட்டிய அன்றைக்குத்தான். மேசன் பாஸ் குந்தியிருந்து நிதானமாகப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "கண்ணாடி சரி ஐயா. சுவர்தான் பிழை." மாமாவின் தகப்பன் கட்டிய சுவர் அன்று பின்னேரம் செதுக்கப்பட்டது.

மச்சான் காட்டிய படங்கள் எல்லாம் லண்டன் படங்கள். லண்டன் கிடப்பது வடக்கே 51 பாகைக்கு அப்பால். அங்கே சூரியன் ஒருநாளும் உச்சிக்கு வருவதில்லை. வருகிற கொஞ்ச வெயிலைப் பிடித்து வைக்க அவர்கள் கண்ணாடி கட்டுவது நியாயம். கொழும்பு 7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் சூரியன் நேர் தலைக்கு மேல். கண்ணாடி வெயிலை உள்ளே விடும், சூடேறிய சாமான்கள் கக்கும் வெக்கையை வெளியே விடாது. சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னே மாமி ஹரோவுக்குச் செய்தி அனுப்பினா: "மோர் மிளகாயைக் குசினி மேசையிலேயே காயவைக்கிறன்." மச்சான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்தது காகம். மீன்பிடித் துறைமுகம் பக்கத்தில், காக்கைதீவும் தூரமில்லை. மண் ஓட்டின் மேல் காகம் என்ன செய்கிறது என்று முன்பு எவருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை, மரக்கறிச் சாப்பாடு. பருப்புக்கு நேர் மேலே ஒரு பாரைத் தலை வந்து விழுந்து, கண்ணைத் திறந்தபடி எங்களையே பார்த்துக்கொண்டு கிடந்தது. மாமி சொன்னா: "அண்ணாந்து பாராதேங்கோ. விரதம்."

மே மாதம் தென்மேல் காற்று தொடங்கினால் கடல் உப்பு கண்ணாடியில் வெண்மையாகப் படியும். துடைக்கப் பழைய வீரகேசரியைவிட நல்லது எதுவும் இல்லை. கண்ணாடியைப் பிடிக்கும் துருப்பிடிக்காத உருக்கோ துருப்பிடித்தது. கடற்கரைக்கு மொலிப்டினம் கலந்த 316 தரம் வேண்டும், மாட்டியிருந்தது 304. இரண்டும் பளபளப்பில் ஒன்றுதான், பற்றுச்சீட்டில்தான் வேறு.

இனி அயலவர் கண். இதில் மாமி தனியாள் இல்லை. 1951இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் மீஸ் வான் டெர் ரோ என்ற பெரிய கட்டடக் கலைஞர் ஈடித் பார்ன்ஸ்வர்த் என்ற மருத்துவருக்குக் கண்ணாடி வீடு கட்டிக் கொடுத்தார். உலகம் கொண்டாடிய வீடு. அந்த அம்மாவின் முறைப்பாடு, வீதியிலிருந்து தெரிகிறது என்பதால் குசினியில் ஒரு குப்பைவாளி வைக்க முடியவில்லை என்பது. இரண்டு பேரும் நீதிமன்றம் வரை போனார்கள். மாமி போகவில்லை. நாவூறு படும் என்று கண்ணாடியில் ஒரு திருஷ்டி பொம்மையும், வந்தவர்கள் மூக்கை இடிக்கிறார்கள் என்று கண்மட்டத்தில் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கரும் ஒட்டினா. கண்ணாடிக் கதவில் கண்மட்டத்தில் அடையாளம் இருக்க வேண்டும் என்று கட்டட விதிகள் சொல்வதும் அதைத்தான்.

கண்ணாடி வந்த அன்று மாமி கேட்ட முதற்கேள்வி அழகைப் பற்றியது அல்ல. "உடைஞ்சா எப்பிடி உடையும்?" இந்த நகரத்தில் அது பகிடிக் கேள்வி இல்லை. 1996 ஜனவரி 31இல் கோட்டையில் மத்திய வங்கியில் குண்டு வெடித்தபோது, சுற்றியிருந்த கட்டடங்களின் கண்ணாடிச் சில்லுகள் பலருடைய கண்களைப் பறித்தன. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டியது உடைந்தாலும் சில்லுகள் தாளிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். பிரான்சில் எதுவார் பெனடிக்டஸ் 1909இல் காப்புரிமை பெற்ற வித்தை. மாமிக்கு அதைத்தான் போட்டார்கள். இந்த வேலை முழுவதிலும் எனக்குக் குறை சொல்ல வராத ஒரே விஷயம் அது.

வீட்டையும் தோட்டத்தையும் ஒன்றாக்குவதற்குக் கண்ணாடி தேவையில்லை என்று செய்து காட்டியவர் இதே கொழும்பில் இருந்தார். ஜெப்ரி பாவா, பகத்தலை வீதி 33ஆவது ஒழுங்கையில் நாலு சின்ன வீடுகளை ஒன்றாக்கித் தனக்கு வீடு கட்டினார். நடுநடுவே வானம் பார்த்த சிறு முற்றங்கள். வெளிச்சம் வரும், காற்று வரும், வெக்கை மேலே போய்விடும், மழை வந்தால் முற்றத்தோடு நிற்கும். பாட்டன்மார் செய்ததுதான், பாவா செய்தபிறகு வெளிநாட்டிலிருந்து வந்து பார்க்கிறார்கள்.

இப்போது மாமியின் கண்ணாடிக் கூரைக்கு மேலே கிடுகு போட்டிருக்கிறோம். ஓரத்தில் ஒரு சாண் இடம் விட்டு. அதன் வழியே ஒரு கோடு வெளிச்சம் இறங்குகிறது. மாடிக் கைபிடிக்குக் கண்ணாடி போடுங்கள், குளியலறை மேல்யன்னலுக்குப் போடுங்கள், நான் மறிக்கவில்லை. கூரைக்குப் போடத்தான் வேண்டும் என்று நிற்கும் வெளிநாட்டு மச்சான்மாருக்கு ஒரு வேண்டுகோள்: அளவெடுக்க ஓகஸ்டில் வராதீர்கள். ஏப்ரலில், நண்பகலில், தொப்பி இல்லாமல் வந்து எடுங்கள்.